பூசணிக்காயிடம் அனுமதி கேட்டவர்

கள்ளக்குறிச்சியில் பூசணிக்காயிடம் அனுமதி கேட்டுவிட்டு அதை வெட்டிய ஒரே மனிதர் எங்கள் பர்மிஷன் அண்ணன்தான். அவருடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

நான் வேலை பார்த்த தனியார் மனநல மருத்துவமனையில் அவர் சமையல்காரர். வெள்ளிமலைப் பக்கத்து ஆள். நான் அவருக்குக் கூடமாட வேலை செய்பவன். கத்தியை எடுத்ததும், "வெட்டிக்கட்டுமா?" என்று காயைக் கேட்பார். பதிலுக்குக் காத்திருப்பார். ஒருநாள் முட்டைக்கோஸ் சம்மதிக்கவில்லை என்று எடுத்து வைத்துவிட்டார். அன்று எல்லோருக்கும் வெறும் ரசம்.

ஊருக்கே திரும்பிப் போய்ச் சாமை விதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு வருடமாகப் பெரிய டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "பார்க்கலாம்" என்பதே பதில். சொல்லாமல் போய்விடலாமே என்றேன். பூசணிக்காயையே கேட்கிறவன் டாக்டரைக் கேட்காமல் போவதா என்று அவர் பார்த்த பார்வையில் கூனிக்குறுகிப் போனேன்.

ஆண்டு விழாவுக்குப் பெரிய டாக்டர் ஒரு நாடகம் எழுதினார். மரத்தோடு பேசும் மலை ஆள் ஒருவரை வைத்து இரண்டு டாக்டர்கள் சண்டை போடுவார்கள். அது மலைக்காரர்களின் வழக்கம், அனுப்பிவிடலாம் என்பார் சின்ன டாக்டர். வியாதிதான், வார்டில் இருக்கட்டும் என்பார் பெரியவர். எழுதியவரே பெரியவராக நடித்ததால் யார் ஜெயிப்பார் என்பதில் சந்தேகமில்லை. நோயாளி வேடம் பர்மிஷன் அண்ணனுக்கு. வசனம் கிடையாது, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் போதும். நாலு பேர் முன்னால் நிற்கக் கூசுகிற நான், வசனத் தாளோடு திரைக்குப் பின்னால் நின்றேன்.

சண்டை உச்சத்துக்குப் போனது. "மலை ஆளுங்களுக்கு எது நல்லதுன்னு அவங்களுக்கே தெரியாது" என்று முழங்கினார் பெரியவர். அண்ணன் எழுந்தார். என் தாளில் அப்படி எதுவும் இல்லை.

"சார், பேசிக்கட்டுமா?"

டாக்டர் திகைப்பில் தலையாட்டிவிட்டார்.

"அர மணியா என்னப் பத்தியே பேசிக்கினு இருக்கீங்க. வூட்டுக்குப் போறியா, இன்னா சொல்றன்னு என்ன ஒரு வார்த்த கேக்கலியே. பூசணிக்காயக்கூட நான் கேட்டுட்டுத்தாங்க வெட்றேன்."

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். முதல் கைதட்டல் அங்கிருந்துதான் வந்தது. டாக்டர் திரைப்பக்கம் பார்த்தார். 'இவனை வார்டுக்குக் கூட்டிப் போங்கள்' என்பது அவருடைய அடுத்த வசனம். அதை எடுத்துக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் டாக்டரின் குரல் தணிந்தது. "சொல்லுப்பா. போறியா?"

"போறேங்க."

"சரி, போ."

நாடகம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அண்ணனுக்கு அது உத்தரவு. மறுநாள் காலையில் துணிப்பையோடு கிளம்பிவிட்டார். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான் என்றார்.

வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். வெள்ளிமலை பஸ் நின்றிருந்தது. அண்ணன் படியில் கால் வைக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"கெளம்பட்டுமா தம்பி?"

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். அந்த பஸ் போனது. அடுத்ததும் போனது. மூன்றாவது பஸ்ஸுக்குத்தான் நான் தலையாட்டினேன்.