மந்திரியண்ணையிடம் கார் பழகிய கதை

சுவிற்சர்லாந்தின் வெளியுறவைக் கவனிக்க பேர்ண் நகரில் ஓர் அமைச்சர் இருக்கிறார் என்று பத்திரிகைகள் சொல்லும். நம்பாதீர்கள். வெளியுறவு முழுவதும் வின்டர்தூர் என்ற ஊரில், பின்னால் நீல L பலகை மாட்டிய ஒரு சாம்பல் நிறக் காருக்குள்தான் நடந்துகொண்டிருந்தது.

நடத்தியவர் எங்கள் தமிழ்ச் சனத்துக்குக் கார் பழக்கும் ஆசிரியர். கார்க் கதவில் அவருடைய சொந்தப் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். ஒருவரும் அதை வாசித்ததில்லை. எல்லாருக்கும் அவர் மந்திரியண்ணை.

நான் அவரிடம் போனபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. முதியோர் இல்லத்தில் வேலை. வீடு வீடாகப் போய் நோயாளரைப் பார்க்கும் நல்ல வேலை ஒன்று கிடைக்க இருந்தது. லைசன்ஸ் வேண்டும் என்றார்கள். நான் பிறவியிலேயே பயந்தவள். பஸ்ஸில் டிக்கெட் எடுத்த பிறகும் எடுத்தேனா என்று பையைத் திறந்து திறந்து பார்ப்பவள். அப்படிப்பட்டவளை, காசாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில், விதி அந்தக் காருக்குள் ஏற்றியது.

பழக்கும் காரில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் மாணவர் பிழை விட்டால் அதை அமத்துவார்கள். மந்திரியண்ணை அரசாங்கம் பிழை விட்டாலும் அமத்துவார். பலஸ்தீனம் பற்றி நடந்த உலக நாடுகளின் வாக்கெடுப்பு ஒன்றில் சுவிஸ் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்று வானொலி அறிவித்த அன்று, ரயில் நிலையத்துக்கு முன்னால் எங்கள் கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்தார். ஹோர்ன் அடிப்பதைக் கெட்ட வார்த்தையாக நினைக்கும் நாடு இது. எனக்கு வியர்த்து ஊற்றியது.

இன்னொரு நாள், காசாவில் மக்கள் சாவது பற்றி அரசு ஆழ்ந்த கவலை கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அப்போது நாங்கள் ஒரு சுற்றுவட்டத்துக்குள் இருந்தோம்.

“பிள்ளை, கவலை எண்டால் என்ன? கவலைப்படுறவன் எழும்பிப் போய்ப் பாப்பான். இவை கதிரையிலை இருந்துகொண்டு கவலைப்படினம்,” என்றார்.

எந்த வழியால் வெளியே போவது என்று கேட்டேன். பொறு என்று கை காட்டினார். போரில் பொதுமக்களைக் காக்கும் ஒப்பந்தங்கள் ஜெனீவாவில் எழுதப்பட்டவை. எழுதின வீட்டுக்காரனே அதை வாசிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனா வாசிப்பான் என்று அவர் விளக்கி முடிக்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தோம். வட்டத்தின் நடுவில் புல் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி முதலில் எங்களைப் பார்த்தார். பிறகு கை அசைத்தார். கடைசியில் மெஷினை நிறுத்திவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்.

ஒரு பக்கத்துக்கு மட்டும் அழுகிறவர் என்று அவரைச் சொல்ல முடியாது. இஸ்ரேலில் சனத்தைக் கொன்றதும் பிணையாகப் பிடித்துக்கொண்டு போனதும் அநியாயம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்கு வருவார். எங்கள் ஆட்களோ, நாங்களே வந்து ஒட்டின சனம், எங்களுக்கேன் இந்தக் கதை என்றார்கள். நானும் அந்தக் கட்சிதான். அதுவும் அவர் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த நேரம். அவர் பயப்படாததால், அவருக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டிருந்தேன்.

எனக்கு லைசன்ஸ் ரெஸ்ற் நெருங்கிய ஒரு சனிக்கிழமை, நகரத்தின் பழைய பகுதிக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கில் நின்றோம். குறுக்கே பலஸ்தீனக் கொடிகளோடு ஓர் ஊர்வலம் போனது. அனுமதி எடுக்காத ஊர்வலம் என்று பிறகுதான் தெரிந்தது. மந்திரியண்ணை ஜன்னலைத் திறந்து, அவர்கள் என்ன சொல்லிப் போகிறார்கள் என்று காது கொடுத்தார். பிறகு, “ஒரு நிமிசம் பிள்ளை,” என்று இறங்கிப் போய்விட்டார்.

பக்கத்தில் லைசன்ஸ் உள்ளவர் இல்லாமல், பழகுகிறவர் காரை அசைக்கவே கூடாது. ஊர்வலம் கடந்து போய் விளக்குப் பச்சையானது. பின்னால் ஒரு நீண்ட பஸ், நிறைய ஆட்களோடு. இளம் பொலிஸ்காரர் ஒருவர் வந்து காரை எடுக்கச் சொன்னார். எடுத்தால் சட்டப்படி குற்றம் என்றேன். எடுக்காவிட்டாலும் குற்றம் என்றார். ஆசிரியர் எங்கே என்று கேட்டார். நான் ஊர்வலம் போன பக்கத்தைக் காட்டினேன். அங்கே மந்திரியண்ணை யாரோ கொடுத்த பதாகையின் ஒரு நுனியைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்.

பொலிஸ்காரர் பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் ஏறியிருந்து பெல்ட்டைப் போட்டார்.

வாழ்நாளில் நான் அவ்வளவு அழகாகக் கார் ஓட்டியதில்லை. கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, சிக்னல் போட்டு, ஒரு பழக்கடைக்கு முன்னால் ஒரே வெட்டில் பின்னால் எடுத்து நிறுத்தினேன். பாஸ் என்றார் அவர், சிரித்துக்கொண்டே. பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு ஆசிரியருக்காகக் காத்திருந்தார்.

மந்திரியண்ணை வந்ததும் பெயரும் விலாசமும் எழுதப்பட்டன. காரை நடுவீதியில் விட்டதற்கும் தண்டம், ஊர்வலத்துக்கும் தண்டம். அவர் அதைக் காதிலேயே போடவில்லை. இந்த அரசு செய்வது சரியா என்று பொலிஸ்காரரிடம் சுவிஸ் ஜெர்மனில் விசாரித்தார். தான் கடமையில் இருப்பதாக அவர் சொன்னார்.

“நானும் டியூட்டியிலைதான்,” என்றார் மந்திரியண்ணை.

திரும்பும் வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. குடியுரிமை போச்சு, ஏன் அண்ணை உங்களுக்கு இந்த வேலை என்று கேட்டேன். அவர் வானொலியை நிறுத்தினார். அவர் அதை நிறுத்தி நான் கண்டது அன்றைக்குத்தான்.

“கடைசிச் சண்டையிலை என்ரை தங்கச்சி முள்ளிவாய்க்காலிலை நிண்டவள். ஆரின்ரையோ போனிலை ஒருக்காக் கதைச்சவள். ‘அண்ணை, அங்கை வெளிநாட்டிலை எங்களைப் பற்றிக் கதைக்கினமோ?’ எண்டு கேட்டவள். ஓம், எல்லாரும் கதைக்கினம் எண்டு சொன்னனான்.”

அடுத்த சந்தியில் இடப்பக்கம் திரும்பச் சொல்லிக் கை காட்டினார்.

“ஒருத்தரும் கதைக்கேல்லை, பிள்ளை.”

தங்கைக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

எனக்கு லைசன்ஸ் கிடைத்தது. அவருடைய குடியுரிமை நேர்முகத்துக்கு நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். வெளியே இருந்து நகமெல்லாம் கடித்து முடித்த பிறகும் அவர் வரவில்லை. வெளியுறவுக் கொள்கையை யார் தீர்மானிப்பது என்று உள்ளே கேட்டார்களாம். சரியாகச் சொன்னாராம். அதோடு வாயை மூடியிருக்கலாம். அவர்கள் தீர்மானிப்பது சரியா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

தண்டம் பதிவில் இருப்பதால் இப்போது முடியாது, சில வருடம் கழித்து மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று பிறகு பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்த அலுவலகத்தையும் அதன் மூதாதையரையும் திட்டித் தீர்த்தேன். அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

“அவை தங்கடை சட்டத்தைத்தானே பாக்கினம். சட்டத்தைப் பாருங்கோ எண்டுதானே நானும் கேக்கிறன்,” என்றார்.

போன மாதம் சூரிச்சில் ஓர் ஊர்வலம். அனுமதி எடுத்ததுதானா என்று கேட்டு, நம்பாமல் இன்னொரு தரம் கேட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மழையும் பனியும் கலந்து கொட்டியது. குடையை எடுக்காமல் இறங்கிப் போய்விட்டார். கூடப் போக எனக்கு இன்னும் துணிவு வரவில்லை, காருக்குள்ளேயே இருந்தேன். இந்த நாட்டில் நிறுத்தி வைத்த காரின் என்ஜினைச் சும்மா ஓடவிடுவது குற்றம். அவருடைய இருக்கை குளிர்ந்துவிடக் கூடாது என்று, அவர் நனைந்துகொண்டு வரும்வரை ஓடவிட்டிருந்தேன்.