பூங்கோதையை விலைக்குக் கேட்ட கதை

எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற மனிதர்கள் சின்னத் தப்புச் செய்வதில்லை. செய்தால் பெரிதாகத்தான் செய்வார்கள். நான் அந்த வகை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தினமும் டைரி எழுதுவேன். நேற்று எழுதியதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இன்று பார்ப்பேன். ("யாருங்க அதைப் படிக்கப் போறா?" என்பாள் மனைவி. நியாயமான கேள்வி.) அப்படிப்பட்ட நான், பாபநாசத்துக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரரிடமே அவருடைய மனைவிக்கு விலை பேசினேன்.

எல்லாம் அரிசியால் வந்தது. தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஒரத்தநாட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே விளையும் சீரகச் சம்பாவை ஒவ்வொரு வருஷமும் களத்திலேயே வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வந்துவிடுவோம். என் மனைவி வசந்தாவுக்கு அது பொறுக்கவில்லை. "நம்ம அரிசியை இன்னொருத்தன் அவன் பேரைப் போட்டு விக்கிறான். இந்த வருஷம் நம்ம பேரைப் போட்டு நாமளே விக்கிறோம்" என்று கிளம்பிவிட்டாள். ஆறு மாதம் அலைந்து சென்னையில் ஒரு கடைக்காரரைப் பிடித்தாள். அவர் போட்ட ஒரே நிபந்தனை, பையில் இணைய முகவரி இருக்க வேண்டும், அதை அடித்தால் ஏதாவது திறக்க வேண்டும் என்பது.

பெயரை அவள் வைத்தாள்: பூங்கோதை அரிசி. பை அச்சடிக்கும் பொறுப்பு எனக்கு. மையின் நிறம் பார்த்தேன், படத்தில் இருந்த பூவுக்கு எத்தனை இதழ் என்று பார்த்தேன், 'சீரகச் சம்பா'வில் ஒற்று மிகுமா என்று ஒரு தமிழாசிரியரைப் போய்க் கேட்டேன். பைகள் வந்து இறங்கின. முன்பக்கம் பெரிதாகப் பூங்கோதை. கீழே பூங்கோதை என்றே ஓர் இணைய முகவரி.

வசந்தா ஒரு பையைத் தடவிப் பார்த்தாள். "ஏங்க, இந்த அட்ரஸ் நம்ம பேர்லதானே இருக்கு?"

"நம்ம பையிலதானே போட்டிருக்கு" என்றேன்.

இணைய முகவரியும் வீட்டுக் கதவில் பெயர் எழுதுவது மாதிரிதான், எழுதினால் நம்முடையது என்று நான் நினைத்திருந்தேன். அது காசு கட்டிப் பதிந்துகொள்ளும் சொத்து, டொமைன் என்பார்கள், ஒருவர் வாங்கிவிட்டால் இன்னொருவருக்குக் கிடையாது என்பதெல்லாம் அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தோம். வெள்ளைப் பக்கம். நடுவில் 'விரைவில்' என்று ஒரே சொல். அடியில் ஒரு மெயில் முகவரி.

வசந்தா என்னைத் திட்டவில்லை. கூடம் முழுக்க அடுக்கியிருந்த பைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

டொமைன் வைத்திருப்பவரை எப்படி அணுகுவது என்று இணையத்தில் தேடிப் படித்தேன். ஆசையைக் காட்டாதே, வியாபாரம் என்று சொல்லாதே, சுருக்கமாக எழுது என்று போட்டிருந்தது. சுருக்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. மூன்றே வாக்கியம்: 'பூங்கோதை எனக்கு வேண்டும். உங்களிடம் சும்மா இருப்பதாகத் தெரிகிறது. நேரில் பேசலாமா?' எழுத்துப்பிழை பார்த்து அனுப்பினேன்.

அன்றைக்கே பதில் வந்தது. 'நேரில் வாருங்கள்' என்று ஒரு வரி. கீழே ராஜமாணிக்கம் என்ற பெயர், பாபநாசம் பக்கத்து ஊர், தெரு. உலகத்தில் எங்கோ இருப்பார் என்று நினைத்த ஆள் ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தார்!

பேரம் எனக்கு வராது. காய்கறிக் கடையில் சொன்ன விலைக்கு மேல் கொடுத்துவிட்டு வருகிறவன். அதனால் வசந்தாவின் அண்ணன் தங்கவேலு மச்சானைத் துணைக்குக் கூப்பிட்டேன். மச்சான் மாட்டுத் தரகர். சந்தையில் அவர் குரல் கேட்டால் மாடுகளே திரும்பிப் பார்க்கும். போகும் வழியில் பேருந்தில் அவருக்கு விஷயத்தை விளக்கினேன்.

"பேரு மட்டும்தானா மாப்ள? வேற ஒண்ணும் கிடையாதா?"

"பேரு மட்டும்தான் மச்சான்."

"அதை வச்சு அவரு வேலை வாங்குறாரா?"

"இல்லை. சும்மாதான் கிடக்கு. ஆனா வருஷா வருஷம் காசு கட்டணும்."

"அப்ப தீனி தின்னுட்டு நிக்குது" என்றார் மச்சான். முகம் மலர்ந்துவிட்டது. "இதைப் பேசுறது சுளுவு. நீங்க வாயைத் திறக்காதீங்க. ஆசையைக் காட்டினா விலை ஏறிடும்."

இணையமும் மாட்டுச் சந்தையும் ஒரே புத்தியைச் சொன்னதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து பச்சையாக நின்றது. நல்ல சகுனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

ராஜமாணிக்கம் ஐம்பது தாண்டியவர். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர். எங்களை உட்கார வைத்துவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது.

மச்சான் தொண்டையைச் செருமினார். "பூங்கோதை விஷயமா வந்தோம்."

ராஜமாணிக்கம் பதறிப்போய்ச் சமையலறைப் பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க."

விற்கிறவர் பதறுகிறார் என்றால் விலை குறையும் என்று எடுத்துக்கொண்டோம். மச்சானுக்கு மெதுவாகப் பேச வராது. குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு?"

"பதினாறு வருஷம் இருக்கும்."

"பதினாறு வருஷமா ஒரு வேலையும் வாங்கலையா?"

"அது வந்து... நேரம் கிடைக்கலை."

"வருஷா வருஷம் செலவு மட்டும் பண்ணிக்கிட்டிருக்கீங்க. ஒரு பைசா திரும்பி வந்துச்சா?"

"இல்லை."

"தப்பா நினைக்காதீங்க. பழசாயிடுச்சு. இனிமே யாரு தேடி வருவா? நாங்க ரெண்டு பேரு வந்ததே பெரிசு. கொடுத்துட்டீங்கன்னா நாங்க கொண்டுபோய் நல்லபடியா வச்சுக்குறோம். உங்களுக்கும் பாரம் குறையும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அதைக் கவனித்தவன் நான். ஆனால் காபி தயாராகிவிட்டது என்று நினைத்தேன். வாயைத் திறக்காதே என்று மச்சான் சொன்னதை அதுவரை காப்பாற்றியவன், அந்த இடத்தில்தான் திறந்தேன். நடைமுறையைத் தெளிவாக்கிவிட்டால் அவருக்குத் தைரியம் வருமே என்ற நல்லெண்ணம்.

"பெரிய வேலை ஒண்ணும் இல்லைங்க. உங்க பேர்ல இருக்கிறதை என் பேருக்கு மாத்திக்கணும். இங்க உக்காந்தே போன்ல முடிச்சிடலாம். பூங்கோதை எங்கயும் வர வேண்டியதில்லை."

மச்சான் அதற்குள் தோளில் கிடந்த துண்டை எடுத்து ராஜமாணிக்கத்தின் கைமேல் போட்டு, அடியில் அவர் விரல்களைப் பிடித்துவிட்டார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை போலும். ராஜமாணிக்கம் கையை உருவப் பார்த்தார். மச்சான் விடவில்லை.

"யாருய்யா நீங்க?"

சமையலறை வாசலில் ஓர் அம்மா நின்றார். கையில் கரண்டி. "யாரை யார் பேருக்கு மாத்துறீங்க?"

"பூங்கோதை, இரு, நான் சொல்றேன்" என்றார் ராஜமாணிக்கம்.

நாங்கள் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் கடைசியிலிருந்து முதலுக்கு என் தலைக்குள் ஓடியது. வேலை வாங்கலையா. செலவு. பழசு. கொண்டுபோய் வச்சுக்குறோம்.

அந்த அம்மாவுக்கோ எல்லாமே மனப்பாடமாகியிருந்தது. "பதினாறு வருஷமா நான் ஒரு வேலையும் பாக்கலையா? நீங்க அங்க இருந்தப்ப நடவும் அறுப்பும் யாரு பாத்தா? நான் பழசாயிட்டேனா? பாரமா?" பிறகு மச்சானிடம் திரும்பினார். "துண்டுக்குள்ள என்னய்யா விலை சொன்னே எனக்கு?"

மச்சான் பொய் சொல்லிப் பழகியவர். ஆனால் துண்டுக்குள் கை இருக்கும்போது பொய் சொல்ல மாட்டார். "இன்னும் படியலைங்க" என்றார்.

கரண்டி உயர்ந்தது. நான் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, அரிசி, பை, கம்ப்யூட்டர், வெள்ளைப் பக்கம் என்று வாய்க்கு வந்த வரிசையில் உளறினேன். கரண்டி அப்படியே நின்றது.

"கம்ப்யூட்டர்ல என் பேரா? யாரு வாங்கினது?"

ராஜமாணிக்கம் தரையைப் பார்த்தார். "சிங்கப்பூர்ல ரூம்ல இருந்த பையன் சொன்னான், பேரை விலைக்கு வாங்கி வச்சுக்கலாம்னு. நான் வேற யாரு பேரை வாங்குறது?"

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"உள்ள என்ன போடுறதுன்னு தெரியலை. போட்டுட்டுச் சொல்லலாம்னு 'விரைவில்'னு எழுதி வச்சேன்."

"பதினாறு வருஷமாவா?"

அந்த அம்மா கரண்டியை மேசைமேல் வைத்தார். குரல் இறங்கியிருந்தது. "அப்புறம் எதுக்கு இவங்களை வரச் சொன்னீங்க? விக்கவா?"

"விக்கவா? 'பூங்கோதை எனக்கு வேண்டும்'னு ஒருத்தன் மெயில் போடுறான். மூணு நாளாத் தூக்கம் இல்லை. ஆளு யாருன்னு பாக்க வேணாமா?"

அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார்.

"பாத்துட்டீங்கல்ல? நிம்மதியாத் தூங்குங்க" என்றார் கணவரிடம்.

காபி கொடுத்தார்கள். பெயரைக் கொடுக்கவில்லை. "என் பேரு எங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் பேச எங்களுக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அன்று டைரியில் 'வெயில் அதிகம்' என்று மட்டும் எழுதினேன்.

ஆனால் மச்சான் அன்று மாலையே தங்கையிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டார். வசந்தா சிரிக்கவில்லை. கூடத்துப் பைகளிலிருந்து ஒன்றை நிரப்பிக் கட்டிக்கொண்டு, மறுநாள் காலை தனியாகப் பாபநாசம் பேருந்தில் ஏறினாள். என்னை வரவேண்டாம் என்றாள். அந்த அம்மாவிடம் என்ன பேசினாள் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. அரிசிப் பை இல்லாமல் திரும்பி வந்தாள், அவ்வளவுதான் தெரியும்.

அடுத்த வாரம் சென்னைக் கடைக்காரர் முகவரியை அடித்துப் பார்த்தார். திறந்தது. உளுந்து வயல் வரப்பில் அந்த அம்மா கம்பீரமாக நிற்கும் படம். அதன் கீழே: 'பூங்கோதை நான்தான். நான் விற்பனைக்கு இல்லை. அரிசி வேண்டுவோர் கீழே உள்ள எண்ணில் கூப்பிடவும்.' எண் எங்கள் வீட்டுடையது. கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பைகளை முன்வரிசையில் அடுக்கினார். வசந்தாவின் அரிசி நன்றாகவே போகிறது.

என் பாடுதான் திண்டாட்டம். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாரத்துக்கு ஒருவராவது கூப்பிடுகிறார்கள். போனை எடுப்பது வசந்தா.

"ஏம்மா, பூங்கோதை விற்பனைக்கு இல்லையாமே? வேற யாராச்சும் இருக்காங்களா?"

"என் வீட்டுக்காரர் இருக்காரு" என்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. "விலையெல்லாம் பேச வேணாம், வந்து ஓட்டிக்கிட்டுப் போங்க."