கீவா நானாவின் இருநூற்றுப் பதின்மூன்று தூண்கள்

சென்ற வருடம் ஆகஸ்ட் பதினான்காம் திகதி, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது. வானத்தில் ஒரு முகில் கிடையாது. சோளகக் காற்று ஒட்டுசுட்டான் சந்தியின் புழுதியை அள்ளி என் தேத்தண்ணிக்குள் போட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான், ஒன்பது பேர் முன்னிலையில், கேட்கக்கூடாத ஒரு கேள்வியை நான் கீவா நானாவிடம் கேட்டேன்.

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஓர் ஊரையே ஏமாற்றிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் கீவா நானா. இது எனக்குக் காலம் பிந்தித்தான் விளங்கியது.

சந்தியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவருடைய தேத்தண்ணிக் கடை. இரண்டு வாங்கு, நான்கு கதிரை. அதில் ஒன்றுக்கு மூன்று கால். நான் உருத்திரபுரத்தில் இருப்பவன். மனைவியின் சீதனமாக வந்த மூன்று ஏக்கர் வயல் ஒட்டுசுட்டானில் இருப்பதால், வியாழன்தோறும் வந்து, வரம்பில் நடந்து, குத்தகைக்காரரோடு குறைபட்டுக்கொண்டு, பஸ் வரும் வரைக்கும் நானாவின் கடையில் உட்காருவேன். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். குளத்து நீர்மட்டத்திலிருந்து வடையில் தெரியும் பருப்பு வரை எண்ணாமல் விட்டதில்லை. அதனால் சந்தியில் எனக்கு 'மாஸ்டர்' என்று பெயர்; நானாவுக்கு மட்டும் 'சேர்'.

நானா என்றால் முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன்; அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று சந்தியில் ஒருவருக்கும் தெரியாது. கீவா என்பது உஸ்பெக்கிஸ்தானில், இரண்டு பாலைவனங்களுக்கு நடுவில் கிடக்கும் பழைய நகரம். மண் மதில், நான்கு வாசல், நீல ஓடு பதித்த கோபுரங்கள். அந்த நகரத்தின் பெயரை நாளுக்கு நாற்பது தடவை சொல்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

யார் எந்தக் கதையைத் தொடங்கினாலும் அது கீவாவில் போய்த்தான் முடியும். ஒருநாள் உழவு மெசின்காரர் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"நானா, ராத்திரி யானை வந்து என்ர வாழை அவ்வளவையும் திண்டிட்டுது!"

"யானை எண்டா பரவாயில்லை தம்பி. கீவாவில ஒட்டகம். யானை திண்டுட்டுப் போயிடும். ஒட்டகம் திண்டுட்டு, நிண்டு உங்கட முகத்தைப் பாக்கும்."

வாழை போன மனிதர் சிரித்துக்கொண்டு திரும்பினார்.

கீவாவில் கட்டி முடியாத ஒரு கோபுரம் இருக்கிறது. உலகத்திலேயே உயரமாகக் கட்ட வேண்டுமென்று அரசர் தொடங்கினாராம். பாதியில் அவர் காலமாகிவிட, கோபுரம் பருத்த பீப்பாய் போல அப்படியே நின்றுவிட்டது. "அரைகுறையா நிக்கிறதாலதான் அது வடிவு. முடிச்சிருந்தா அதுவும் பத்தோட பதினொண்டு" என்பார் நானா.

"அப்ப எங்கட வீட்டுத்திட்ட வீடுகளும் கீவாதான் நானா! எல்லாம் அரைச் சுவரோட நிக்குது!" என்று உழவு மெசின்காரர் கத்த, வாங்கில் இருந்த ஆறு பேரும் சிரித்ததில் ஒரு கிளாஸ் உடைந்தது.

இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் பஸ்ஸை எப்படிப் பிடிப்பது? ஜூன் மாதத்தில் மட்டும் கீவாவால் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் பதினொரு பேர். நான் குறித்து வைத்திருக்கிறேன். அதில் ஒருவர் கலியாணத்துக்குப் போகவேண்டியவர். மாப்பிள்ளை அல்ல, தவில்காரர். நான் மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை. கதை எந்த இடத்தில் நின்றாலும், பஸ்ஸுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போதே எழும்பிவிடுவேன்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு முந்தின வருடம் நானா கடையோரமாக, வீதிக்குக் கிட்ட ஒரு மதில் எழுப்பினார். கீவாவில் போலவே பச்சை மண்ணும் வைக்கோலும் குழைத்து, மேலே பல்லுப் பல்லாக வைத்து, அடி பருத்து நுனி மெலிந்து, பார்க்க வடிவாகத்தான் இருந்தது. புரட்டாதி முழுக்க வேலை. சீமெந்து பூசச் சொன்னேன். "கீவாவில பூசயில்லையே சேர்" என்றார். கார்த்திகையின் முதல் பெருமழைக்கு அது தாக்குப்பிடித்தது நாற்பது நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்தான். மதில் முழுதும் சேறாகி வீதிக்கு இறங்கி, மாங்குளம் பஸ்ஸின் சில்லைப் பிடித்துக்கொண்டது. குடையைப் பிடித்தபடி நானா சொன்னார்:

"கீவாவில ஒரு வருசம் பெய்யிற மழை இஞ்ச ஒரு பின்னேரத்தில பெய்யுது, சேர். மதில் பாவம், அதுக்கு என்ன தெரியும்?"

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

கீவாவின் ஜும்மாப் பள்ளிவாசலில் மரத்தூண்கள் இருக்கின்றன. இருநூற்றுப் பதின்மூன்று, ஒன்றைப்போல ஒன்று இல்லை, வெளியே நெருப்பாய்க் காய்ந்தாலும் உள்ளே தூண்களுக்கு நடுவில் குளிர். இதை நானா சொல்லும்போது கடையே கொஞ்சம் குளிரும். ஆனால் அந்த எண்ணிக்கை என்னை அரித்தது. பேத்தியின் போனை வாங்கித் தேடினேன். ஓரிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. இன்னோரிடத்தில் இருநூற்றுப் பதினெட்டு. இரண்டு இரவு நித்திரை இல்லை.

"நானா, போனில பன்னிரண்டு எண்டும் கிடக்கு, பதினெட்டு எண்டும் கிடக்கு. நீங்கள் எப்பிடிப் பதின்மூண்டு எண்டுறியள்?"

"பதின்மூண்டுதான் சேர்."

"ஆர் எண்ணினது? நீங்கள் அங்க போனனீங்களோ?"

கேட்ட பிறகுதான் ஒன்பது பேரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டதைக் கவனித்தேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்து திரும்பிய சனம் வாழும் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. தானாகச் சொன்னால் கேட்போம். "அந்த வருடங்களில் எங்கே இருந்தனீங்கள்" என்று ஒருவரை ஒருவர் தோண்டமாட்டோம். நானா முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, சின்ன வயதில் ஒரு பையோடு போய், புத்தளத்து அகதி முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர். அந்த இருபது வருடத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அவ்வளவு காலமும் கீவாவில் இருந்தவர்போலவே கதைப்பார். சந்தி முழுக்க அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தது. எண்ணத் தெரிந்த எனக்குத்தான் கேட்காமல் விடத் தெரியாமல் போயிற்று.

நானா கிளாஸைத் துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு, மெல்லச் சொன்னார்.

"இல்லை சேர். நான் போகேல்லை. முகாமில வடை சுத்திக் குடுக்கப் பழைய பேப்பர் வாங்கிறனாங்கள். அதுக்குள்ள ஒரு படப் புத்தகம் வந்திச்சு. வழுவழுத்த தாள், எண்ணெய் குடிக்காது. அதால தப்பிச்சிது. தூணின்ர படத்துக்குக் கீழ இருநூற்றுப் பதின்மூண்டு எண்டு போட்டிருந்திச்சு. படத்தில தெரியிறது அறுபத்தெட்டுத்தான். மிச்சத்தை ஓலைக் கொட்டிலுக்க படுத்துக் கிடந்து நானே எண்ணிக்கொள்ளுறது."

உழவு மெசின்காரர் என்னைப் பார்த்து, "இப்ப உங்களுக்குக் கணக்குச் சரியோ மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். அவருடைய தேத்தண்ணி பாதி அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நானா கீவாவைப் பற்றிக் கதைக்கவில்லை. வெயில் என்றால் "ஓம், வெயில்தான்" என்பார். யானை என்றால் "அல்லாஹ் காவல்" என்பார். செப்டெம்பரில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்: ஒருவரும் இல்லை. ஒக்டோபரிலும் இல்லை. எல்லோரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு மோசமான கணக்கு நான் எழுதியதில்லை.

பழைய குறிப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்ன கதைகள் நூற்றுக்கு மேல். ஒன்றில்கூட "நான் போனேன்", "நான் கண்டேன்" என்று இல்லை.

இந்த மாசி மாதம், கடையை மூடிவிட்டுப் புத்தளத்தில் மகளோடு இருக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கடைசி வியாழன் போனபோது வாங்குகளை ஏற்கெனவே விற்றிருந்தார். மிஞ்சியது மூன்று கால் கதிரை. அதில் உட்கார்ந்தேன்.

"நானா, கீவாவில ஒரு கிணறு இருக்கெண்டு முந்தி ஒருக்கா தொடங்கினனீங்கள். நான் எழும்பிப் போயிட்டன்."

"அதெல்லாம் என்னத்துக்கு சேர்? கடைசி பஸ் வாற நேரம்."

"வரட்டும்."

வந்தது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று, "மாஸ்டர், இதை விட்டா இனி இல்லை! ஏறுங்கோ!" என்று கத்தினார். நான் அசையவில்லை. கதிரை ஆடியதால் அசையப் பயமும்தான். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

நானா பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுப்பைத் திரும்ப மூட்டினார்.

"கப்பல் கட்டின நூஹ் நபியின்ர மகன் சேர். வெள்ளம் வடிஞ்ச பிறகு அவருக்கு ஊர் இல்லை. வனாந்தரத்தில தனிய அலைஞ்சார். களைச்சுப் படுத்த இடத்தில ஒரு கனவு. சுத்திவர முந்நூறு பந்தம் எரியுது. எழும்பி, அந்த இடத்தில ஒரு கிணறு வெட்டினார். தண்ணி எண்டா அப்பிடியொரு தண்ணி. அதுக்குப் பிறகுதான் சேர், கீவா..."

முந்நூறு பந்தத்தை யார் எண்ணினது என்று நான் கேட்கவில்லை. உருத்திரபுரம் வரை ஓட்டோவுக்கு ஆறாயிரத்து இருநூறு ரூபாய்.