பண்ணைக்காரரின் கட்டைவிரல்

"மார்ச் 9, செவ்வாய். கையுறை போடாமல் கோழியைப் பிடித்தேன். கட்டைவிரலில் கொத்திவிட்டது. தவறு என்னுடையது, கோழியுடையது அல்ல."

பண்ணைக்காரர் இதைக் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எழுதி வைத்தால்தான் எதுவும் நடந்ததாக அவருக்கு நம்பிக்கை வரும்.

நான்காம் நாள் விரல் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

"என்னங்க, டாக்டர்கிட்ட போங்க," என்றாள் மனைவி.

"எதுக்கு? நம்மகிட்ட இல்லாத மருந்தா?"

கோழிகளின் தண்ணீர்த் தொட்டியில் கலக்கும் மருந்திலிருந்து ஒரு மூடி எடுத்துக் குடித்தார். பத்தாயிரம் கோழிக்குக் கேட்கிற மருந்து ஓர் ஆளுக்குக் கேட்காதா? கேட்கவில்லை. இரண்டு மூடி குடித்தார். வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியது.

டாக்டரம்மா விரலைப் பார்த்தார், அந்த இரண்டு மூடிக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார், ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

பண்ணைக்காரர் அட்டையைத் திருப்பினார். பழைய சிநேகிதனைக் கண்டவர்போல் முகம் மலர்ந்தது. "இது நம்ம கோழிக்குக் கொடுக்கறதாச்சே! தும்மல் வந்தா இதுதான்."

"தும்மின கோழிக்கா?"

"ஒண்ணு தும்மினா எல்லாத்துக்கும்தான். கூட்டத்துல எது தும்மிச்சுன்னு யாரு தேடறது?"

மாத்திரை கேட்கவில்லை. வேறு மாத்திரை வந்தது.

"இது தும்மலே வராம இருக்கறதுக்குக் கொடுக்கறது டாக்டர்."

அதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டார்கள்.

"இது குஞ்சு வந்து இறங்கற அன்னிக்கு. ஒரு வரவேற்பு மாதிரி."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "உங்க விரல்ல இருக்கற கிருமி இதையெல்லாம் பண்ணையிலயே பார்த்துப் பழகிட்டுதான் வந்திருக்கு. நான் எதைக் கொடுத்தாலும், வாங்க வாங்கன்னு உபசாரம் பண்ணுது."

அப்போதுதான் மச்சினன் போன் செய்தான். மனைவியின் தம்பி, இவர் படுத்ததிலிருந்து பண்ணை அவன் பொறுப்பு.

"மாமா, கோழியெல்லாம் சோர்ந்து நிக்குது. இன்னொரு டோஸ் ஊத்தட்டுமா?"

"வேணாம்டா! எல்லா மருந்தையும் நிறுத்து!"

"சரி மாமா. கொழுகொழு பொடி வேற தீரப்போகுது..."

"என் கை போயிட்டிருக்கு, இவன் பொடிக்கு அழறான்! அது தீவனத்துல போடறதுடா, அதுபாட்டுக்குப் போகட்டும். நான் மருந்தைச் சொன்னேன்."

மருந்தை நிறுத்தியதும் கோழிகள் சாயத் தொடங்கின. பயந்துபோய் மறுபடி கொடுக்கச் சொன்னார். இப்போது மருந்தைக் குடித்துவிட்டுச் சாய்ந்தன.

வீக்கம் முழங்கையை எட்டியது. டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று பண்ணைக்காரருக்குத் தெரியும்.

"ஒரே ஒரு மருந்துதான் மிச்சம். சிறுநீரகத்தைப் படுத்தும், அதனால பூட்டி வெச்சிருக்கோம். அதுவும் கேக்கலைன்னா கையை எடுத்தாகணும். உண்மையைச் சொல்லுங்க, இதையாவது கோழிக்குக் கொடுக்காம விட்டீங்களா?"

பண்ணைக்காரர் அவர் கையிலிருந்த மருந்துப் பெட்டியை வாங்கி, உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தார். தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை படித்தார்.

"இந்தப் பேரையே இப்பதான் கேள்விப்படறேன் டாக்டர்."

"நிச்சயமா?"

"மருந்துக் கடையில நான் வாங்காத மருந்து இது ஒண்ணுதான்."

டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். "அப்போ காலையில ஆரம்பிச்சிடலாம்."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் ஒரு மருந்தை விட்டுவைத்த பெருமையில் பண்ணைக்காரர் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். உடனே சந்தேகமும் வந்தது.

"இந்தாடி, இந்தப் பெட்டியைப் படம் எடுத்து உன் தம்பிக்கு அனுப்பு. இதை மட்டும் கையால தொடக்கூடாதுன்னு சொல்லு. அவன்பாட்டுக்கு வாங்கித் தொட்டியில ஊத்தித் தொலைக்கப்போறான்."

படம் போனது. கொஞ்ச நேரத்தில் மச்சினன் போன் செய்தான். ஒரே சிரிப்பு.

"என்ன மாமா, இதைப் போய் மருந்துங்கறீங்க? நம்ம கொழுகொழு பொடி மூட்டையில, அடியில பொடி எழுத்துல இதே பேருதான் போட்டிருக்கு. குஞ்சு வந்த நாள்லேருந்து எடை ஏறட்டும்னு தினமும் தீவனத்துல இதைத்தானே கலக்கறோம். தீர்ந்துபோச்சு மாமா, நாளைக்குக் காலையில ரெண்டு மூட்டை வாங்கணும்."