பின்வரிசை மீசைகள்

அரை மணி நேரமாக அதிகாரியம்மா மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. ஆனால் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

"பயப்படாம சொல்லுங்க. போலீஸ் மேல குறை இருந்தாலும் சொல்லலாம். மனித உரிமை ஆணையம் உங்களுக்காகத்தான் இருக்கு."

கூட்டம் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது.

இந்த ஊரில் ஆணையத்தின் கிளையைத் திறந்த நாளிலிருந்து இதே கதைதான். முதல் கூட்டத்துக்கு மழைக்கு ஒதுங்கியவர்கள் வந்தார்கள். மழை விட்டதும் போய்விட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு மழையும் வரவில்லை. ஜனங்களுக்கு நம்பிக்கை வராவிட்டால் கிளையை மூடிவிடலாம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அதனால் இந்த முறை ஆள் சேர்க்கும் பொறுப்பைக் கிளார்க் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

"கவலையை விடுங்க மேடம், ஒரு இடத்துல சொல்லி வச்சிருக்கேன்" என்றார். சொன்னபடியே மண்டபம் நிரம்பிவிட்டது.

"மைக்கைப் பார்த்துக் கூச்சப்படுறாங்களோ?" என்று அதிகாரியம்மா அவர் காதில் கேட்டார். மைக்கை எடுத்தார்கள். அதோடு அதிகாரியம்மா பேசுவதும் யாருக்கும் கேட்காமல் போயிற்று.

மேடையை விட்டு இறங்கி முன்வரிசைக்குப் போனார்.

"உனக்கு என்னம்மா குறை?"

அந்தப் பெண் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றாள். "ஒரு குறையும் இல்ல மேடம்!" கூடவே அந்த வரிசை முழுக்க எழுந்துவிட்டது.

"ஐயோ, உட்காருங்க."

வரிசை ஒரே சத்தத்தில் உட்கார்ந்தது. அதிகாரியம்மா 'உச்' கொட்டினார். எவ்வளவு மிரட்டி வைத்திருந்தால் இந்த ஜனங்கள் இப்படி நடுங்குவார்கள்!

அப்போதுதான் கடைசி வரிசை கண்ணில் பட்டது. இரண்டு ஆட்கள். ஒட்ட வெட்டிய தலை, முறுக்கிய மீசை, மார்பில் கட்டிய கை. கூட்டத்தில் பாதிப் பேர் அவர்களைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மஃப்டி," என்று பல்லைக் கடித்தார் அதிகாரியம்மா. "போலீஸை உள்ள விட்டது யாரு?"

கிளார்க்குக்கு வேர்த்துக் கொட்டியது. "மேடம், அது வந்து..."

"நீங்க பேசாதீங்க. நான் பார்த்துக்கிறேன்."

நேரே கடைசி வரிசைக்குப் போனார். "எழுந்திருங்க ரெண்டு பேரும்."

"நாங்க ஒரு விஷயம் சொல்லத்தாம்மா வந்தோம்" என்றது பெரிய மீசை.

"எதுவா இருந்தாலும் உங்க மேலதிகாரிகிட்ட சொல்லுங்க."

"எங்களுக்கு மேல யாரும்மா அதிகாரி?"

"திமிர் அந்த அளவுக்கு வந்தாச்சா!"

சின்ன மீசை பெரிய மீசையின் கையைப் பிடித்து இழுத்தது. "வாங்க மாமா. நம்மள எங்கயுமே பேச விட மாட்டாங்கன்னு நான் அப்பவே சொன்னேன்ல."

"மாமாவா? சொந்தக்காரங்களையே ஒரே ஸ்டேஷன்ல போட்டிருக்காங்களா? அதையும் விசாரிக்கிறேன்."

இருவரும் வெளியே போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். கதவருகே வந்து நின்றார்கள். கதவையும் சாத்தச் சொன்னார். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. கூட்டம் முன்பைவிட அதிகமாக நெளிந்தது.

"இதோ பாருங்க, இந்த மண்டபத்துல இப்ப போலீஸ்னு ஒரு ஆள்கூட இல்ல. இங்க பேசுறது வெளிய போகாது. நான் பொறுப்பு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடு வரிசையில் ஒரு தொப்பைக்காரர் மெதுவாக எழுந்தார்.

"மேடம், லீவே தர மாட்டேங்கிறாங்க. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள என் மக தூங்கிடுறா. அன்னைக்கு முழிச்சிருந்தவ என்னைப் பார்த்து, 'அம்மா, யாரோ ஒரு அங்கிள் வந்திருக்காரு'ங்கிறா."

"எங்க வேலை பார்க்குறீங்க?"

"அதைச் சொன்னா வேலை போயிடும் மேடம்."

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "நாள் பூரா வெயில்ல நிக்க வைக்கிறாங்க. அவசரத்துக்கு ஒதுங்க ஒரு இடம் கிடையாது."

"பெரிய ஐயா வீட்டு நாயை நான்தான் குளிப்பாட்டணும்" என்றது ஓர் ஓரத்துக் குரல். "அது என்னைக் கடிச்சா, அதுக்கு ஏன் கோபம் வந்ததுன்னு என்னைக் கேட்கிறாரு."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் அழுதேவிட்டார். அதிகாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளார்க்கிடம் சொன்னார்: "பார்த்தீங்களா? ஜனங்களோட நம்பிக்கைங்கிறது இதுதான்."

கிளார்க் நாற்காலியில் சரிந்துகிடந்தார். "தண்ணி" என்று மட்டும் கேட்டார்.

டீக்கடை அம்மா கேனும் கப்புமாகக் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏன் மேடம், ஊர் ஜனம்னு வந்ததே ரெண்டு பேரு, அவங்களை வெளிய நிக்க வச்சுட்டு, மொத்த போலீஸ் ஸ்டேஷனையும் உள்ள போட்டுக் கதவைச் சாத்திக்கிட்டீங்களே?"