கோடைக்கு ஏன் முக்காடு?

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அத்தானுடைய முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அது என்னையும் உங்கள் தம்பி மனைவியையும் மட்டுமே குறிக்கும். பீங்கான் பொம்மைகளைக் குறிக்காது.

பதறாதீர்கள். பொம்மைகளை எடுத்துப்போக ஞாயிறன்று வருவதாகவும், "ஒரு கீறல் இருந்துதுன்னாலும் உன்னோட பேச்சே கிடையாதுடா" என்றும் நீங்கள் தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து கண்ணாடி அலமாரியில் நிற்கும் நான்கு பருவப் பெண்களையும் துடைத்துவைக்கலாம் என்று இன்று காலை மேசைமேல் நிறுத்தினேன். பூக்கூடையோடு வசந்தம், அரிவாளோடு கோடை, திராட்சைக் குலையோடு இலையுதிர்காலம், கணப்புச் சட்டியோடு குளிர்காலம். என் கைமேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் தரையில் மெத்தை விரித்தேன். அதுவும் போதாதென்று, தவறினால் மடியிலேயே விழட்டும் என மேசை விரிப்பின் ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். வாசல் மணி அடித்தது. எழுந்தேன். விரிப்பும் என்னோடு எழுந்தது.

வசந்தத்தையும் இலையுதிர்காலத்தையும் உங்கள் தம்பி மனைவி பாய்ந்து பிடித்துவிட்டாள். கோடையும் குளிர்காலமும் மெத்தையில்தான் விழுந்தன. விழுந்தும் தலை வேறு, முண்டம் வேறாகிவிட்டன. "ஏங்க, சும்மா விட்டிருந்தா இன்னும் நூறு வருஷம் நின்னிருக்குமே! உங்க ஜாக்கிரதைதாங்க ஆளைக் கொல்லுது!" என்றாள். வாசலில் பக்கத்து வீட்டு இன்ஜினியர். அவர் வீட்டு மணி கெட்டுவிட்டதாம். எங்களுடையது எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுப் பார்க்க வந்தாராம். நன்றாகவே ஒலிக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

அக்கா, இனிமேல்தான் விஷயமே! ஒட்டலாம் என்று உட்கார்ந்தால், இரண்டு கழுத்திலும் மஞ்சளாகக் காய்ந்த பழைய பசை! அதைச் சுரண்டி ஒரு காகிதத்தில் சேர்த்துவிட்டு, முறிவோடு முறிவைப் பொருத்திப் பார்த்தேன். முக்காடு போட்ட தலை கோடையின் கழுத்தில் உட்காரவே மாட்டேன் என்றது. குளிர்காலத்தின் கழுத்தில் டப்பா மூடிபோல் கச்சிதமாக உட்கார்ந்தது. கோதுமைக் கதிர் சூடிய தலைதான் கோடையுடையது. நம் வாழ்நாள் முழுக்க அவர்கள் தலை மாறித்தான் நின்றிருக்கிறார்கள்!

"கோடைக்கு ஏன்ப்பா முக்காடு?" என்று நீங்கள் கேட்டதும், "வெயில் மண்டையைப் பொளக்குதுல்ல, மூடாம என்ன செய்வா?" என்று அப்பா சொன்னதும் நினைவிருக்கிறதா? குளிர்காலத்தின் தலையில் கதிர் இருப்பது சிக்கனத்துக்கு அடையாளம் என்றார். கல்லூரியில் பாடம் சொன்ன நான், அதை வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் விளக்கியிருக்கிறேன்!

ஒட்டியது யார்? முதலில் உங்களைத்தான் சந்தேகித்தேன், மன்னியுங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பசைக்குள் பழுப்பாக ஏதோ தூள். மூக்குப்பொடி! நம் வீட்டில் பொடி போட்டவர் ஒரே ஒருவர். "அலமாரிப் பக்கம் நிழல் பட்டாலும் கையை ஒடிச்சிருவேன்" என்று நம்மை மிரட்டியவரும் அவர்தான். தும்மியிருப்பார், அக்கா! தும்மி, உடைத்து, அம்மா வருவதற்குள் அவசரமாகத் தலை மாற்றி ஒட்டிவிட்டு, நாம் கேட்டபோது முகம் மாறாமல் வெயிலையும் சிக்கனத்தையும் சொல்லியிருக்கிறார்! அப்பாவின் படத்தை நான் நிமிர்ந்து பார்த்தது இன்றைக்குத்தான். தனியாகச் சிரித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறேன். உங்கள் தம்பி மனைவி டாக்டருக்குப் போன் செய்யலாமா என்று கேட்கிறாள்.

ஆகவே ஞாயிறன்று தாராளமாக வாருங்கள். அவரவர் தலையை அவரவருக்கே ஒட்டிவிட்டேன். ஒட்டியது தெரியாது. மேலே நலம் என்று எழுதியதை இப்போது பொம்மைகளையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உங்கள் சொல்லுக்கு என்றும் அஞ்சும்
தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது, அது மூக்குப்பொடிதானா என்று ஒரு சந்தேகம் வந்தது. உறுதிசெய்துகொள்ளலாம் என்று, சுரண்டிய பசை இருந்த காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனேன். மூக்குப்பொடியேதான். இத்தனை வருஷமாகியும் காரம் குறையவில்லை. வசந்தமும் இலையுதிர்காலமும் மேசை ஓரத்தில் இருந்தன. மெத்தையை அதற்குள் மடித்துவைத்துவிட்டோம். வரும்போது நல்ல பசையாக ஒன்று வாங்கி வரவும்.