கலங்கரை விளக்கத்தின் முதுகு

பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கும் மாதங்களில் அலுவலக வாசல்களில் ஓர் இனம் தலைகாட்டும். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பிக்க முடியாது. நாம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் பாவம், அது இவ்வளவு பாடுபடுகிறது. சைக்கிள் விளக்கு உபதேசி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மற்றவர்கள் சைக்கிளில் விளக்கு மாட்டியிருப்பார்கள். இவர் விளக்குகளுக்கு நடுவே ஒரு சைக்கிளை மாட்டியிருப்பார்.

நமக்குக் கிடைத்த ஆசாமி, குடிநீர் அலுவலகத்தில் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவர். ஆபீசில் அவருக்குக் கலங்கரை விளக்கம் என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். ஹேண்டில்பாரில் பெரிய வெள்ளை விளக்கு, அதற்குச் சார்ஜ் தீர்ந்தால் உதவிக்கு இன்னொன்று, அந்த இன்னொன்றின் மேல் முழு நம்பிக்கை வராததால் ஹெல்மெட்டில் மூன்றாவது, சக்கரக் கம்பிகளில் பச்சையும் நீலமுமாகச் சுழல்கிற குட்டி விளக்குகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சீட்டுக்கு அடியில் அவருடைய செல்லப்பிள்ளை, ஒரு சிவப்பு விளக்கு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதர் உருகிவிடுவார்.

"முன்னாடி லைட்டு நாம பாக்கறதுக்கு. பின்னாடி லைட்டு நம்மள பாக்கறதுக்கு! எது முக்கியம், சொல்லுங்க?"

யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல விட்டால்தானே?

ஆபீஸ் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டில் தினசரி பரிசோதனை. குனிவார், மட்கார்டைத் தட்டுவார், ஒருவருடைய விளக்கு மங்கல் என்பார், இன்னொருவருடையது வானத்தைப் பார்க்கிறது என்பார், விளக்கே இல்லாதவருடைய கையைச் சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நிற்பார்கள்.

இப்படிப்பட்டவரிடம் என்ன குறை இருக்க முடியும் என்கிறீர்களா? பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய பின்விளக்கு யார் கண்ணுக்கும் தெரியாது. அவ்வளவுதான்.

காரணம், மழை வந்தாலும் வராவிட்டாலும் அவர் மாட்டிக்கொள்கிற ரெயின்கோட். கறுப்பு. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கியது. சைக்கிளை நிறுத்தி வைத்து, பின்னால் போய் நின்று பார்க்கும்போது சிவப்பு விளக்கு ஜோராக எரியும். ஏறி உட்கார்ந்தால் கோட்டு திரைச்சீலை போலச் சீட்டின் மேல் விழுந்து அதை மூடிவிடும். ஓட்டுகிறவர் தன் முதுகை எப்படிப் பார்ப்பார்?

ஊருக்கே தெரியும். சொல்லிப் பார்க்காமலும் இல்லை. வரவேற்பு மேஜைப் பெண் ஒருநாள் துணிந்தாள்.

"சார், உங்க கோட்டு இருக்கில்ல..."

"கோட்டா? நல்ல விஷயத்த ஆரம்பிச்சேம்மா! கோட்டு போட்டா மட்டும் போதுமா? லைட்டு வேணும்!"

பஸ்ஸைத் தவறவிட்டதுதான் அவளுக்கு மிச்சம். அவருடைய மனைவி, அடுத்த தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர், அவரும் முயன்றார்.

"என்னங்க, உங்க பின்னாடி லைட்டு..."

"கண்ணு கூசுதில்ல? கூசும், கூசும்."

அதற்குப் பிறகு அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. தினமும் கடையைச் சாத்திவிட்டு அவரோடு சேர்ந்து கிளம்புவார். தன் பழைய சைக்கிளில், ஒரே ஒரு சின்னச் சிவப்பு விளக்கோடு, அவருக்குப் பின்னாலேயே வருவார். இவரோ பார்க்கிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்வார்: "எங்க வீட்டம்மாவுக்கு வேகமே பத்தாதுங்க. எவ்ளோ மெதுவா போனாலும் பின்னாடியேதான் வருவா."

ஒரு மழைச் சாயங்காலம் கடையில் கூட்டம். "கொஞ்சம் இருங்க, நானும் வந்துடறேன்," என்றார் அம்மாள். "தனியா போகாதீங்க."

"எனக்கென்ன பயம்? என்னைத்தான் ஊரே பாக்குதே!"

கிளம்பிவிட்டார். பாலம் இறங்கும் வளைவில், முதுகுக்குப் பின்னால் டயர் கிறீச்சிட்டது. ஒரு வேன், பின்சக்கரத்தை உரசாத குறையாக வந்து நின்றது. கலங்கரை விளக்கம் ஓரத்துப் புல்லில் சரிந்து உட்கார்ந்தது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார்.

"யோவ், பின்னாடி ஒரு லைட்டு போடக் கூடாதா?"

யாரைப் பார்த்து என்ன கேள்வி! வலியெல்லாம் பறந்துவிட்டது. எழுந்தார். சைக்கிளை நிமிர்த்தினார். சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "இது என்னன்னு பாரு!" என்று விரலை நீட்டித் திரும்பினார். கறுப்புக் கோட்டு. மெல்லத் தூக்கினார். உள்ளே, யாருக்கும் தொந்தரவில்லாமல், அவருடைய செல்லப்பிள்ளை பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது.

டிரைவர் குனிந்து எட்டிப் பார்த்தார். "உள்ள யாருங்க படிக்கறாங்க?"

அதற்குள் மூச்சிரைக்க அம்மாள் வந்து சேர்ந்தார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருக்கிறார். கணவரைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். எலும்பெல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அப்புறம்தான் அழுதார்.

நம்மவர் அம்மாளுடைய சைக்கிளின் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். "அப்போ... நீ தினமும் பின்னாடி வந்தது..."

"வேகம் பத்தாமத்தான்," என்றார் அம்மாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

திருந்தியிருப்பார் என்கிறீர்களா? நல்ல ஆளய்யா நீங்கள்! மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டில் அவருடைய உபதேசம் "ரெயின்கோட்டின் ஆபத்துகள்". துணி காயப்போடும் கிளிப்பால் கோட்டின் வாலைத் தூக்கிக் குத்திக்கொண்டு, இது தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். வரவேற்பு மேஜைப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு மாற்றம்: மனைவியின் வேகத்தைப் பற்றி அவர் அப்புறம் பேசவேயில்லை. சாயங்காலம் மருந்துக்கடை வாசலில், எவ்வளவு நேரமானாலும், காத்து நிற்கிறார்.

சிரித்தீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்களிடம் சைக்கிளே இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்திருப்பதற்கு முன்னால் ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் வேகம் பத்தாதவர் என்று நீங்கள் அலுத்துக்கொள்கிற ஒருவர் இருப்பாரே, எப்போதும் ஓர் அடி பின்னாலேயே வந்துகொண்டு? அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, நீங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள்?